பதினொரு மாத வீடு

செம்பூரில் வாடகைக்குக் குடியிருக்கும் பெரும்பாலோர் சட்டப்படி வாடகைதாரர் அல்லர். அவர்கள் கையெழுத்திடும் ஒப்பந்தத்துக்கு ‘லீவ் அண்ட் லைசென்ஸ்’ என்று பெயர். வீட்டுக்காரர் அதில் லைசென்சர், குடிவருபவர் லைசென்சி, மாதாமாதம் கொடுக்கும் பணம் லைசென்ஸ் கட்டணம். ஒருவருக்குச் சொந்தமான இடத்தில் இன்னொருவர் சொன்ன காலம்வரை இருந்துவிட்டுப் போகலாம் என்ற அனுமதிதான் அந்தத் தாள். வீட்டின்மேல் எள்ளளவு உரிமையும் அதனால் பிறப்பதில்லை. பேச்சில் மட்டும் எல்லோருக்கும் அது வாடகை. இந்திக்காரருக்கும் மராத்திக்காரருக்கும் பாடா. ஒப்பந்தத்தின் ஆயுள் பெரும்பாலும் 11 மாதம்.

மும்பையில் வாடகை ஏன் இவ்வளவு என்று கேட்பவர்கள் மாதத் தொகையை மட்டும் பார்க்கிறார்கள். அந்தத் தொகைக்கு எவ்வளவு காலம் தங்க முடியும், யாருக்கு வீடு கிடைக்கும், போகச் சொன்னால் எங்கே போவது என்பவையும் விலையில் அடக்கம். செம்பூரை வைத்துப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும். கூட்டுறவுச் சொசைட்டிகளும், எண்ணெய் ஆலைகளும், அகதி முகாமாக இருந்து நகரான பகுதியும், இடிக்கப்பட்ட குடிசைப் பகுதியின் மறுகுடியிருப்பும் ஹார்பர் ரயில் பாதையின் சில நிறுத்தங்களுக்குள் அங்கே அடங்கிவிடுகின்றன.

ரயில் 1924இல் பயணிகளை ஏற்றத் தொடங்கியபோது செம்பூர் கிராமம். காட்லா, கௌதான் என்ற பழைய ஊர்ப்பகுதிகளின் பெயர்கள் இன்னும் இருக்கின்றன. பிரிவினைக்குப் பின் சிந்தி அகதிகள் வந்து தங்கிய இடம் இன்றும் செம்பூர் கேம்ப். ராஜ் கபூர் தொடங்கிய ஆர்.கே. ஸ்டுடியோ 1948இலிருந்து இங்கே இயங்கியது. 1950களின் நடுவில் டிராம்பேயில் இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் எழுந்தன. அதே காலத்தில் அணுசக்தி ஆராய்ச்சி நிலையம். அடுத்த பத்தாண்டில் உர ஆலை. வேலை இங்கே வந்தது, வேலைக்காரர்களும் வந்தார்கள். நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்குக் காலனி கட்டின. குவார்ட்டர்ஸில் இருந்தவர்களுக்கு ஓய்வு பெறும் நாளே வீட்டைக் காலி செய்யும் நாளும் ஆனது. அதற்குள் ஒரு பிளாட் வாங்கியாக வேண்டும் என்ற அவசரம் அவர்களுடைய நடுவயதை நடத்தியது. மாட்டுங்காவில் ஒற்றை அறைகளில் நெருக்கியடித்து வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பலவும் அலுவலகக் கடன் வாங்கி இங்கே வந்து சேர்ந்தன. 1962இல் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி, பிறகு சேடா நகர் முருகன் கோயில் என்று ஊர் அமைந்தது. பக்தர்கள் அந்தக் கோயிலைத் திருச்செம்பூர் என்றார்கள்.

வந்தவர்கள் வாடகை வீட்டைத் தேடாமல் சொந்த வீட்டைத் தேடியதற்கு ஆசை மட்டும் காரணமன்று. வாடகைக்கென்று வீடு கட்டுவதே மும்பையில் நின்றுபோயிருந்தது. அந்தக் கதை சட்டத்தில் இருக்கிறது.

போர்க்காலத்தில் வாடகை ஏறாமல் தடுக்க வந்த கட்டுப்பாடுகளைத் திரட்டி 1947இல் பம்பாய் மாகாணம் ஒரு வாடகைச் சட்டம் இயற்றியது. 1940 செப்டம்பர் 1 அன்று ஒரு வீட்டுக்கு என்ன வாடகையோ அதுவே அதன் நியாய வாடகை என்றது சட்டம். ஓரிரு ஆண்டுக்கென்று நினைத்த ஏற்பாடு மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டு அரை நூற்றாண்டு நின்றது. தெருவுக்குத் தூக்கியெறியப்பட இருந்த லட்சக்கணக்கானவர்களை அது காப்பாற்றியது; அதை மறந்துவிட்டு இந்தச் சட்டத்தைப் பழிப்பது நேர்மையாகாது. ஆனால் கூரை ஒழுகினால் ஓடு மாற்றக்கூட அந்த வாடகை போதவில்லை. பழுதுபார்ப்பு நின்றது. சுவர்கள் விழத் தொடங்கின. தீவு நகரத்துப் பழைய கட்டடங்களுக்காக 1969இல் செஸ் என்ற வரி வசூலித்துப் பழுதுபார்க்கும் வாரியம் ஒன்றை அரசே அமைக்க நேர்ந்தது. புறநகரான செம்பூரை அந்த வாரியம் எட்டவில்லை.

அடக்கி வைத்த விலை வேறு வழியாக வெளியே வந்தது. அதன் பெயர் பகடி. தலைப்பாகை என்று பொருள். வாடகை சில ரூபாய். ஆனால் சாவி வேண்டுமென்றால் ஒரு பெருந்தொகையை முன்னால் வைக்க வேண்டும். குடியிருப்பவர் வெளியேறும்போது அடுத்தவரிடம் அதையே பெரிதாக்கி வாங்கி, வீட்டுக்காரருக்கு ஒரு பங்கு கொடுப்பார். இது 1947 சட்டப்படி குற்றம். நகரம் முழுக்க நடந்த குற்றம். கையில் ரொக்கம் இருந்தவருக்கே வீடு கிடைத்தது. குறைந்த வாடகை ஏழைக்கு உதவும் என்று நினைத்த சட்டம், ஏற்கெனவே உள்ளே இருந்தவருக்கு மட்டும் உதவியது. புதிதாக ஊரிலிருந்து டிரங்குப் பெட்டியோடு வந்தவருக்குக் கதவு மூடியே இருந்தது.

கட்டுமானக்காரர்கள் வாடகைக்குக் கட்டுவதை விட்டுவிட்டு விற்பனைக்குக் கட்டினார்கள். அதை முறைப்படுத்த 1963இல் மகாராஷ்டிரம் உரிமைக் குடியிருப்புச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. செம்பூரின் பெரும்பகுதி இப்படி வளர்ந்த ஊர்தான்: நிலத்தைச் சொசைட்டி வாங்கும், உறுப்பினர்கள் மூன்று நான்கு மாடி கட்டிக்கொள்வார்கள். வீடு உள்ளவர் இன்னொருவருக்கு விட நினைத்தால் அவரை வாடகைதாரராக்கப் பயந்தார். வாடகைதாரர் ஆனால் மூன்று தலைமுறைக்கும் கிளம்பமாட்டார். எனவே லைசென்ஸ் என்ற பெயரில் விடுவது பழக்கமானது.

அந்தப் பழக்கத்தின்மேல் 1973இல் இடி விழுந்தது. அந்த ஆண்டு பிப்ரவரி 1 அன்று லைசென்சியாகக் குடியிருப்பவர் எல்லோரும் வாடகைதாரராகவே கருதப்படுவர் என்று சட்டம் திருத்தப்பட்டது. அன்று குடியிருந்தவர்களுக்கு அது பெரும் விடுதலை. வீட்டுக்காரர்களுக்கோ ஒரே இரவில் வீடு போனது போல. தன் வீட்டை வெளியாருக்கு விட்டால் சட்டம் எந்த நாளிலும் பிடுங்கிக்கொள்ளும் என்ற அச்சம் மும்பையின் மனத்தில் அன்று ஊன்றியது; அந்தத் தேதியை அறியாத பேரப்பிள்ளைகளிடமும் அது தங்கியிருக்கிறது. பூட்டிய பிளாட்டுகளின் பின்னால் இருப்பது பெரும்பாலும் பேராசையைவிட இந்தப் பயம்தான்.

நியாய வாடகையை 1940இல் உறைய வைத்தது காலப்போக்கில் நியாயமற்றதாகிவிட்டது என்று 1997 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மால்பே விஸ்வநாத் ஆச்சாரியா வழக்கில் கூறியது. தொடர்ந்து வந்த மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999, 2000 மார்ச் 31 முதல் நடப்புக்கு வந்தது. பழைய வாடகைதாரருக்கு ஆண்டுக்கு 4 விழுக்காடு ஏற்றம் என்று அது வரம்பு கட்டியது. பகடியைச் சட்டபூர்வமாக்கியது. லைசென்சிக்கு மட்டும் ஏற்ற வரம்பு எதையும் வைக்கவில்லை. காலம் முடிந்தும் அவர் காலி செய்யாவிட்டால், இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் இரட்டிப்புக் கட்டணம் செலுத்த வேண்டும். ஒரே சட்டம், ஒரே தெரு, இரண்டு குடும்பங்கள்: ஒருவர் பழைய பகடி வீட்டில் நூற்றுக்கணக்கில் வாடகை கொடுத்துக்கொண்டு விழப்போகும் கூரையின் கீழ் இருக்கிறார், எதிர்வீட்டு லைசென்சி பல்லாயிரம் கொடுத்து அடுத்த ஆண்டு எந்தப் பேட்டையில் இருப்போம் என்று தெரியாமல் இருக்கிறார். முதலில் பாதுகாப்பு மட்டும் கொடுத்து வீட்டைக் கொடுக்காமல் விட்டது அரசு. பிறகு வீட்டைக் கொடுத்துப் பாதுகாப்பை எடுத்துக்கொண்டது. இரண்டையும் சேர்த்துக் கொடுக்க அது இன்னும் முன்வரவில்லை.

மாதத் தொகைக்கும் உண்மையான செலவுக்கும் உள்ள தூரத்தை ஒரு கணக்கில் காட்டலாம். மாதம் 40,000 ரூபாய், டிபாசிட் 2 லட்சம், காலம் 11 மாதம் என்று வைத்துக்கொள்வோம். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, 40,000. முத்திரைத்தாள் வரி, 11 மாத வாடகையோடு டிபாசிட்டுக்கு 10 விழுக்காடு வட்டி கணக்கிட்டுச் சேர்த்த தொகையில் 0.25 விழுக்காடு; ஏறக்குறைய 1,150. பதிவுக் கட்டணம் 1,000. முதல் மாத வாடகையையும் சேர்த்தால் சாவி கைக்கு வரும் நாளில் 2,82,000 ரூபாய்க்கு மேல் எடுத்து வைக்க வேண்டும். டிபாசிட் திரும்பி வரும்தான். ஆனால் அது வங்கியில் 7 விழுக்காட்டில் கிடந்திருந்தால் 11 மாதத்தில் 12,800 ரூபாய் வட்டி தந்திருக்கும். புரோக்கர், பதிவு, வட்டி இழப்பு மூன்றையும் 11 மாதத்துக்குப் பங்கிட்டால் மாதத்துக்கு 5,000 ரூபாய் கூடுகிறது. 40,000 ரூபாய் வீடு 45,000 ஆகிவிட்டது. லாரிக் கூலி, பெயின்ட், பிள்ளையின் பள்ளிப் பேருந்து மாற்றம் இவை இதில் சேரவில்லை. 11 மாதம் கழித்து வேறு வீடு பார்க்க நேர்ந்தால் இத்தனையும் மறுபடி.

செம்பூரின் வாடகை ஏறியதற்கு அருகிலேயே காரணங்கள் உண்டு. 2013 ஜூனில் கிழக்கு விரைவுச்சாலை திறந்தது. 2014 பிப்ரவரியில் செம்பூர்–வடாலா மோனோரயில். அதே ஆண்டு ஏப்ரலில் சாந்தாகுரூஸ்–செம்பூர் இணைப்புச் சாலை. ஓர் ஆண்டுக்குள் தென்மும்பையும் மேற்குப் புறநகரும் பக்கத்தில் வந்தன. மோனோரயிலில் கூட்டம் சேரவில்லை, ஆனால் சாலைகள் செம்பூரின் மண்ணுக்கு விலையை ஏற்றிவிட்டன. ஆர்.கே. ஸ்டுடியோ நிலத்தைக் கோத்ரெஜ் நிறுவனம் வாங்கிய செய்தி 2019இல் வெளியானது. இன்று அங்கே உயர்தரக் குடியிருப்பு.

இதைவிட ஆழமாகப் பாய்ந்தது ரீடெவலப்மென்ட். அறுபது எழுபதுகளில் கட்டிய நான்கு மாடிகளை இடித்து இருபது மாடியாக்கும் வேலை திலக் நகரிலும் சுபாஷ் நகரிலும் பெஸ்தம் சாகரிலும் தெருத்தெருவாக நடக்கிறது. கட்டி முடியும்வரை பழைய உரிமையாளர்கள் வெளியே தங்க பில்டர் மாதந்தோறும் வாடகைப்பணம் கொடுக்கிறார். பிள்ளைகளின் பள்ளி, பெரியவரின் டாக்டர், கோயில், காய்கறிக்காரர் எல்லாம் இங்கேயே இருப்பதால் அவர்கள் அதே பேட்டையில்தான் வீடு தேடுவார்கள். ஒரு கட்டடம் காலியானால் முப்பது நாற்பது குடும்பங்கள் ஒரே மாதத்தில் அதே தெருக்களில் கதவு தட்டுகின்றன. அவர்கள் கையில் இருப்பது பில்டரின் பணம். சம்பளத்திலிருந்து எடுத்துக் கொடுப்பவர் அவர்களோடு போட்டியிட முடியாது. வீட்டைப் பெருக்கும் இதே திட்டம், கட்டி முடியும் ஆண்டுகளில் வாடகை வீட்டைக் குறைக்கிறது.

உரிமையாளரே வாடகைக்காரராகும் இந்தக் காலத்தில் இன்னொன்றும் நடக்கிறது. பில்டருக்குப் பணமுடை வந்தால் முதலில் நிற்பது இந்த வாடகைப்பணம். எழுபது வயதில், முப்பதாண்டு சொந்த வீட்டில் இருந்தவர், முதல் முறையாக லைசென்சியாகி வீட்டுக்காரரிடம் தவணை கேட்டு நிற்கிறார். பழைய கட்டடத்தில் வாடகைக்கு இருந்தவருக்கோ இந்தப் பேச்சில் இடமே இல்லை. பொதுக்குழுவில் அவருக்கு ஓட்டில்லை. சுவரில் ஒட்டும் நோட்டீஸைப் படித்துத்தான் தன் காலம் முடிந்ததை அறிகிறார்.

பணம் இருந்தாலே போதாது. சைவமா, குடும்பமா, எந்த ஊர், என்ன சாதி என்ற கேள்விகள் வாடகையைப் பற்றிய பேச்சுக்கு முன்பே வரும். முஸ்லிம் பெயர் கேட்டதும் வீடு போய்விட்டது என்று பதில் வருவது மும்பையில் புதிதன்று. தனியாக வாழும் பெண்ணிடம் கேட்கப்படும் கேள்விகள் வேறு. சமயத்தையும் சாதியையும் காரணம் காட்டிப் பாகுபாடு செய்யக் கூடாது என்னும் அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு அரசைக் கட்டுப்படுத்துகிறது. தனி வீட்டுக்காரரை எட்டுவதில்லை. ஒரு சமூகத்தாருக்கு மட்டும் உறுப்பினர் உரிமை என்று கூட்டுறவுச் சங்கம் விதி வைத்துக்கொள்ளலாம் என உச்ச நீதிமன்றம் 2005இல் சோராஸ்டிரிய சங்க வழக்கில் ஏற்றது. செம்பூர்த் தமிழருக்கு இதில் பங்கில்லை என்று சொல்ல முடியாது. மதராசி என்ற காரணத்துக்காக அறுபதுகளில் துரத்தப்பட்ட நினைவுள்ள குடும்பங்களிலும், மீன் சமைப்பவருக்கு வீடில்லை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். தாராவியில் பிறந்து படித்து வேலைக்கு வந்த இளைஞர் செம்பூரில் வீடு கேட்கும்போது அவருடைய சம்பளச் சீட்டைவிட முகவரிச் சான்று கவனமாகப் படிக்கப்படுகிறது. மறுக்கப்பட்டவர் கூடுதல் தொகைக்கோ கூடுதல் தூரத்துக்கோ போகிறார். மறுப்பும் வாடகையின் ஒரு பகுதிதான். அது சிலரிடம் மட்டும் வசூலாகிறது.

தூரம் என்பது ஹார்பர் பாதையில் கிழக்கே போவது. கோவண்டி, மான்கூர்ட், 1992இல் பாலம் கடந்து ரயில் ஓடத் தொடங்கியபின் வாஷி, நெருள், அதற்கப்பால் பன்வேல். மிச்சமாகும் வாடகையின் ஒரு பகுதியை ரயில் பாஸ் தின்கிறது. மீதியை நேரம் தின்கிறது.

வாடகையைக் கட்டவே முடியாதவர்களின் கணக்கு இன்னும் கடுமை. 1985 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒல்கா டெல்லிஸ் வழக்கில் மனுதாரர்களில் ஒருவர் 1961இல் சேலத்திலிருந்து வந்த நிலமற்ற தொழிலாளி. தஹிசரில் நாளொன்றுக்கு 23 ரூபாய்க்கு வேலை. மேற்கு விரைவு நெடுஞ்சாலையின் நடைபாதையில் பிளாஸ்டிக்கும் கான்வாஸும் போட்ட கூரைக்காக அவரிடம் ஒரு குடிசை தாதா பறித்த தொகை 2,500 ரூபாய் என்று தீர்ப்பு பதிவு செய்திருக்கிறது. அந்தக் கூலியில் 108 நாளுக்கு மேல் உழைத்தால் வரும் பணம். நடைபாதைக்கும் பகடி இருந்தது. வாழ்வாதாரம் உயிர்வாழும் உரிமையில் அடக்கம் என்று நீதிமன்றம் சொன்னது. ஆனால் நடைபாதையில் தங்கும் உரிமையைத் தரவில்லை.

செம்பூருக்குத் தெற்கே சீத்தா கேம்ப் இருக்கிறது. அங்கிருப்பவர்களின் முன்னோர் ஜனதா காலனியில் இருந்தவர்கள். தமிழர்கள் அதில் ஏராளம். அணுசக்தி மையத்துக்கு நிலம் வேண்டுமென்று நெருக்கடிநிலைக் காலத்தில், 1976 மே மாதம், அந்தக் காலனி தரைமட்டமாக்கப்பட்டது. கோலார் தங்கவயலில் பிறந்து ஜனதா காலனியில் வாழ்ந்த ஜாக்கின் அற்புதம் அதை எதிர்த்துப் போராடித்தான் தலைவரானார். 2000இல் மகசேசே விருது பெற்றார். சீத்தா கேம்பின் சேற்று நிலத்தில் இறக்கிவிடப்பட்டவர்கள் தாங்களே மண்ணடித்து ஊராக்கினார்கள். இன்று அங்கே கீழே குடும்பமும் மேலே வாடகைக்காரரும் வாழும் வீடுகள் உண்டு. வெளிச்சுவரில் சாய்ந்த இரும்பு ஏணிதான் வாசல். தாராவியிலும் அப்படியே. தாராவி மறுசீரமைப்பில் தரைத்தளத்தில் 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தவருக்குத்தான் அங்கேயே இலவச வீடு. மேல்மாடியில் இருப்பவருக்குத் தாராவிக்கு வெளியே வாடகை வீட்டுத் திட்டம். அதற்கென அரசு ஒதுக்கிய நிலங்களில் ஒன்று செம்பூரை அடுத்த தேவ்னார் குப்பைமேட்டில் இருக்கிறது.

மாஹுலில் நடந்ததை எந்த நகரமும் மறக்கக் கூடாது. தான்சா குடிநீர்க் குழாய்ப் பாதையிலிருந்தும் வேறிடங்களிலிருந்தும் அகற்றப்பட்டவர்களை ஆலைகளுக்கு அடுத்த அந்தக் குடியிருப்புக்கு அனுப்பினார்கள். அங்குள்ள காற்று உடலுக்குக் கேடு என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015 டிசம்பரிலேயே கூறியிருந்தது. மூச்சுத்திணறலோடும் தோல் நோயோடும் மக்கள் போராடியபின், வேறு வீடு தர முடியாவிட்டால் குடும்பத்துக்கு மாதம் 15,000 ரூபாய் வாடகையும் 45,000 டிபாசிட்டும் தர வேண்டும் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2019இல் ஆணையிட்டது. வீடு இலவசமாகக் கிடைத்தும் அதில் வாழ முடியாதவர்களுக்கு வெளியே வாழ ஒரு நீதிமன்றம் விலை குறித்த அரிய நிகழ்ச்சி அது.

இத்தனைக்கும் நடுவே மும்பையில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறக்குறைய 4.8 லட்சம். டெல்லியிலும் பெங்களூரிலும் தலா 3 லட்சம். நாட்டின் நகரங்களில் வாடகைக் குடும்பங்களின் பங்கு 1961இல் 54 விழுக்காடாக இருந்து 2011இல் 28ஆகச் சுருங்கியதை 2017-18 பொருளாதார ஆய்வறிக்கை காட்டியது. வாடகை வீட்டை அரசு இடைக்கால ஏற்பாடாகவே பார்த்துவந்திருக்கிறது. ஒன்றிய அரசின் 2021 மாதிரி வாடகைச் சட்டம் வீட்டு டிபாசிட்டை இரண்டு மாத வாடகைக்குள் நிறுத்தச் சொல்கிறது. மாநிலம் ஏற்றால்தான் அது உயிர்பெறும்.

அதுவரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. 11 மாதம் என்ற எண்ணுக்கு இனிக் காரணமில்லை. ஓராண்டைத் தாண்டும் குத்தகையைப் பதிய வேண்டும் என்ற 1908 பதிவுச் சட்டத்தைத் தவிர்க்கப் பிறந்த எண் அது. மகாராஷ்டிரத்தில் 1999 சட்டத்தின் 55ஆம் பிரிவு எல்லா ஒப்பந்தத்தையும், எத்தனை மாதமானாலும், பதியச் சொல்கிறது. பதிவது வீட்டுக்காரரின் பொறுப்பு. பதியாவிட்டால் நிபந்தனைகள் பற்றிக் குடியிருப்பவர் சொல்வதே, மறுத்து நிரூபிக்கும்வரை, செல்லும். 0.25 விழுக்காட்டு வரியும் 60 மாதம்வரை அதேதான். மேலே போட்ட கணக்கையே 36 மாதத்துக்குப் போட்டால் மாதத்துக்குக் கூடும் சுமை 5,000இலிருந்து 2,400க்கு இறங்குகிறது. குழந்தை ஒரே பள்ளியில் மூன்று வகுப்பு படிக்கிறது. வீட்டுக்காரருக்கும் நட்டமில்லை: காலம் முடிந்தால் வீடு திரும்பும் என்பதற்குச் சட்டம் அவர் பக்கம் இருக்கிறது. செம்பூரில் வீடு எடுப்பவர்கள் 36 மாதம் கேளுங்கள். வீடு விடுபவர்கள் கொடுங்கள்.